செய்தியும் கோரிக்கையும்: கறுப்பின மெய்வல்லுநரின் எதிர்ப்பும் அமெரிக்கப் பத்திரிகைத்துறையும்

1

பத்திரிகைச் செய்தியை இலக்கிய ஆய்வாளன் ஆராயப் புகுவது பொருத்தமா என்ற வினா எழலாம். செய்தி என்பது நிகழ்ச்சியைப் பற்றிய கூற்று. எது எழுவாய், எது பயனிலை, யார் பேசுவோர், யார் பேசப்படுவோர், எது தலைப்பில் நிற்கிறது, எது இறுதிப் பந்தியிற் போய் ஒடுங்குகிறது என்பனவெல்லாம் அக்கூற்றை ஆக்குவோரின் தெரிவுகளாகும். அத்தெரிவுகள் சமூகத்தின் அதிகார உறவுகளிலிருந்து பிரிந்து நிற்பனவல்ல. செய்யுளையும் நாவலையும் அவற்றின் கருத்துநிலை நோக்கி ஆராய்வதற்கு எத்துணை நியாயம் உண்டோ, அத்துணை நியாயம் செய்தியை ஆராய்வதற்கும் உண்டு. நாவல் படிப்போரிலும் பன்மடங்கினர் செய்தி படிக்கின்றனர்.

செய்தித்தாளின் பக்கங்களுள் விளையாட்டுப் பக்கம் தனித்தன்மை உடையது. ஏனைய பக்கங்களில் அரசியல் உண்டு என்பதைப் பத்திரிகையே ஒப்புக்கொள்கிறது. விளையாட்டுப் பக்கமோ தன்னை அரசியலுக்கு அப்பாற்பட்டதெனக் கூறிக்கொள்கிறது. அரசியலற்றது என்ற இவ்வுரிமைக் கோரலே அப்பக்கத்தின் அரசியல் எனலாம். அடங்கியிருப்போர் வாய் திறக்கும்பொழுதே அது வெளிப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவிற் கறுப்பின மெய்வல்லுநர் இனஅநீதிக்கு எதிராக எழுந்த வேளைகளில் அந்நாட்டுச் செய்திச் சாதனங்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்பதை, 1968 ஆம் ஆண்டையும் 2016 ஆம் ஆண்டையும் தொடர்ந்த நிகழ்வுகளைக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1980 இல் யுனெஸ்கோவுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட மக்பிறைட் ஆணைக்குழுவின் அறிக்கை சுட்டியதுபோல, மூன்றாம் உலக வாசகர் இத்தகைய நிகழ்வுகளைப் பெரும்பாலும் மேலைத்தேயச் செய்தி நிறுவனங்களின் வழியாகவே அறிந்து வந்துள்ளனர். ஆதலின் அச்செய்தியின் கட்டமைப்பை அறிவது நமக்கும் வேண்டுவதே.

2

1968 ஒக்ரோபர் 16 ஆம் நாள் மெக்சிக்கோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் ரொமி ஸ்மித் 19.83 செக்கனில் ஓடி உலக சாதனையுடன் முதலிடம் பெற்றார். அவுஸ்திரேலியரான பீற்றர் நோர்மன் இரண்டாமிடத்தையும், ஸ்மித்தின் நாட்டவரான ஜோன் கார்லோஸ் மூன்றாமிடத்தையும் பெற்றனர். வெற்றி மேடையில் அமெரிக்க தேசிய கீதம் இசைக்கப்பட்டபொழுது ஸ்மித் தமது வலக்கரத்தையும் கார்லோஸ் தமது இடக்கரத்தையும் உயர்த்தி, தலை கவிழ்ந்து நின்றனர். உயர்த்திய கைகளிற் கறுப்புக் கையுறைகள். பாதணியற்ற கால்களிற் கறுப்புக் காலுறைகள். மூவரின் மார்பிலும் 'மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் செயற்றிட்டம்' என்ற இயக்கத்தின் சின்னம் காணப்பட்டது.

இவ்வியக்கம் 1967 இல் சமூகவியலாளர் ஹரி எட்வேட்ஸைத் தலைமையாகக் கொண்டு கலிபோர்னியாவின் சான் ஹொசேயில் உருவாயிற்று. அதன் கோரிக்கைகள் மிகத் தெளிவானவை. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையாற் பறிக்கப்பட்ட முகம்மது அலியின் குத்துச்சண்டைப் பட்டம் மீள அளிக்கப்படல் வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் அவெரி பிரண்டேஜ் பதவி நீங்கல் வேண்டும். இனஒதுக்கல் நாடுகளான தென்னாபிரிக்காவும் றொடீசியாவும் விலக்கப்படல் வேண்டும். கறுப்பினப் பயிற்றுநர் கூடுதலாக நியமிக்கப்படல் வேண்டும். கறுப்பினத்தவரை அங்கத்தவராக ஏற்காத நியூ யோர்க் மெய்வல்லுநர் கழகம் தன் கதவைத் திறத்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் அதிகாரபீடத்தை விளித்தன. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற விடை இறுக்க வல்லவர் இருந்தனர்.

மேடையில் நிகழ்ந்ததன் பொருளை ஸ்மித் தாமே, ஏபிசி தொலைக்காட்சியில் ஹவார்ட் கொசெலுடனான நேர்காணலில் விளக்கினார். தமது வலக்கை கறுப்பு அமெரிக்காவின் வலிமையையும் கார்லோஸின் இடக்கை அதன் ஒற்றுமையையும் குறித்தன என்றும், பாதணியற்ற காலுறை இனவாத அமெரிக்காவிற் கறுப்பினத்தவர் படும் வறுமையைக் குறித்தது என்றும் அவர் கூறினார். எனவே இக்குறியீட்டின் பொருள் பத்திரிகையாளருக்கு எட்டாதிருந்தது என வாதிட இடமில்லை.

எனினும் அச்சில் வந்தவை யாவை? சிக்காகோ அமெரிக்கன் பத்திரிகையின் பத்தியாளர் பிறென்ற் மஸ்பேர்கர் இருவரையும் கறுப்புத் தோல் கொண்ட புயற்படையினர் என வருணித்தார். ரைம் சஞ்சிகை, 'மேலும் விரைவு, மேலும் உயர்வு, மேலும் வலிமை' என்ற ஒலிம்பிக் மகுட வாக்கியத்தைத் திரித்து, 'மேலும் சினம், மேலும் இழிவு, மேலும் அவலட்சணம்' என எழுதிற்று.

இவ்விரு கூற்றுகளும் நுணுகி நோக்கத்தக்கவை. புயற்படை என்பது ஹிற்லரின் கட்சிக் குண்டர்படையின் பெயர். இனவாதத்துக்கு எதிராக நின்றவருக்கு இனவாதத்தின் உச்சத்தைப் பெயராகச் சூட்டுவது வெறும் வசைமொழியன்று. குற்றஞ் சாட்டுவோனைக் குற்றவாளியாக்கும் தலைகீழாக்கம் அது. அவ்விருவரையும் வெளியேற்ற முன்னின்ற பிரண்டேஜ் 1936 இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்து, பேர்லின் விளையாட்டு விழாவைப் பகிஷ்கரிக்கும் கோரிக்கையை முறியடித்தவர். அவ்விழாவின் வெற்றி மேடைகளில் ஜேர்மன் வீரர் நாற்சி வணக்கம் செலுத்தினர். அன்று அரசியலாகக் கொள்ளப்படாத கை, 1968 இல் அரசியலாயிற்று. ரைம் சஞ்சிகையின் சொற்களோ வேறொரு தந்திரத்தைக் கையாண்டன. 'அவலட்சணம்' என்பது அழகியற் சொல். நியாயமா அநியாயமா என்று தீர்க்க வேண்டிய வழக்கு, அழகா அழகின்மையா என்ற வழக்காக மாற்றப்பட்டது. கோரிக்கையின் இடத்தில் நடத்தை அமர்த்தப்பட்டது. உள்ளடக்கம் நீங்கி உருவம் மட்டும் விசாரணைக்கு வந்தது.

இன்னொன்றும் இவ்விடத்திற் கூறல் வேண்டும். விழா தொடங்குவதற்குப் பத்து நாள்களுக்கு முன், ஒக்ரோபர் 2 ஆம் நாள், அதே மெக்சிக்கோ நகரின் த்லாற்றெலோல்கோ சதுக்கத்திற் கூடிய மாணவர் மீது அரச படைகள் சுட்டுப் பலரைக் கொன்றன. விழா திட்டமிட்டபடி நடைபெறும் எனப் பிரண்டேஜ் அறிவித்தார். துப்பாக்கிச் சூட்டாற் களங்கமடையாத ஒலிம்பிக் இலட்சியம் இரு கையுறைகளாற் களங்கமடைந்ததாம். அமெரிக்க ஒலிம்பிக் குழு முதலிற் கண்டனத்துடன் அமைய முயன்றது. சர்வதேசக் குழுவின் வற்புறுத்தலின் பின்னரே ஸ்மித்தும் கார்லோஸும் அணியிலிருந்து நீக்கப்பட்டு, ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

3

இவற்றையெல்லாம் முதலாளிகள் திரைமறைவிற் கூடித் தீட்டிய சதியாகக் கொள்வது பொறிமுறையான மார்க்சியமாகும். உண்மை அதனினும் சிக்கலானது. அதே 1968 யூலையில் ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேற்றட் சஞ்சிகை, கறுப்பின மெய்வல்லுநர் சுரண்டப்படும் அவலத்தைப் பற்றி ஜக் ஒல்சன் எழுதிய ஐந்து பகுதிகள் கொண்ட தொடரை வெளியிட்டது. கொசெலின் நேர்காணல் முன்னரே குறிக்கப்பட்டது. முதலாளித்துவ ஊடகத்துள்ளும் முரண்பாடுகள் உண்டு. நேர்மையான எழுத்தாளர் உண்டு.

ஆயின் விதிவிலக்குகள் விதியை ஏன் மாற்றவில்லை? ஜமெய்க்காவிற் பிறந்து பிரித்தானியாவிற் பணியாற்றிய மார்க்சியப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்ருவேட் ஹோலும் அவருடைய சகாக்களும் 1978 இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான விடையின் ஒரு பகுதி உண்டு. காலக்கெடுவுக்குள் நம்பத்தகுந்த செய்தி தரவேண்டிய செய்தியாளன், பதவியும் அங்கீகாரமும் உடையோரையே முதலில் நாடுகிறான். அவர்கள் பிரச்சினையை முதலில் வரையறுக்கின்றனர். பின்னர் வருவோர் எதிர்த்துப் பேசினாலும், அவ்வரையறைக்குள் நின்றே பேச வேண்டியவராகின்றனர். பிரண்டேஜ் இதனை ஒழுங்கு பற்றிய பிரச்சினை என வரையறுத்தார். ஒழுங்கு மீறப்பட்டதா, தண்டனை கடுமையானதா என்று பத்திரிகைகள் இருபுறமும் வாதிட்டன. இருபுறமும் வாதிட்டமையால் அது நடுவுநிலைமை எனப்பட்டது. நியூ யோர்க் கழகத்தின் கதவு ஏன் மூடியிருந்தது என்ற வினா அவ்விருபுறத்தில் எப்புறத்திலும் இடம்பெறவில்லை.

4

ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2016 ஓகஸ்ற் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ அணியின் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் கொலின் கப்பர்னிக் தேசிய கீதம் இசைக்கப்பட்டபொழுது அமர்ந்திருந்தார். அவ்வாண்டு யூலை 5 இலும் 6 இலும் அல்ரன் ஸ்ரேர்லிங், பிலாண்டோ காஸ்ரில் என்ற இரு கறுப்பினத்தவர் வெவ்வேறு நகர்களிற் பொலிஸாராற் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தனர். கறுப்பினத்தவரை ஒடுக்கும் நாடொன்றின் கொடிக்குப் பெருமை செலுத்தத் தம்மால் எழுந்து நிற்க முடியாது எனவும், கொலைபுரிவோர் தண்டனையின்றித் தப்புகின்றனர் எனவும் கப்பர்னிக் விளக்கமளித்தார். செப்ரெம்பர் 1 ஆம் நாள் முதல், முன்னாட் படைவீரர் ஒருவருடன் கலந்துரையாடி, அமர்வதை விடுத்து முழந்தாளிட்டார். சக வீரரான எரிக் றீட்டும் உடன் முழந்தாளிட்டார். படைவீரர்பால் மதிப்பைக் காட்டவே அம்மாற்றம் செய்யப்பட்டது.

இந்நிகழ்வுக்கு அமெரிக்கச் செய்திச் சாதனங்கள் பரவலாக இட்ட பெயர் 'தேசிய கீத எதிர்ப்பு' என்பதாகும். தமிழிலக்கணம் பயின்றோர் இத்தொடரை விரித்து நோக்கலாம். இது வேற்றுமைத் தொகை. நான்காம் வேற்றுமையாக விரிப்பின் 'கீதத்துக்கு எதிர்ப்பு' என்றாகும். ஏழாம் வேற்றுமையாக விரிப்பின் 'கீதத்தின்கண் எதிர்ப்பு', அதாவது கீதம் இசைக்கும் வேளையில் நிகழ்ந்த எதிர்ப்பு என்றாகும். முன்னையதிற் கீதம் தாக்கப்படும் பொருள். பின்னையதிற் கீதம் வெறும் காலக்குறிப்பு. ஆங்கிலத் தொடரும் இவ்வாறே இரு சொற்களை உருபின்றி அடுக்கிற்று. உருபு தொக்க அவ்விடைவெளியிலேதான் கருத்துநிலை குடிபுகுந்தது. நிகழ்ந்தது ஏழாம் வேற்றுமை. வாசகர் மனத்திற் பதிந்தது நான்காம் வேற்றுமை. 'பொலிஸ் கொலை எதிர்ப்பு' என்று பெயரிட்டிருப்பின் அத்தொடர் எவ்வாறு விரித்தாலும் பொருள் மயங்காது. அப்பெயர் பரவலாக வழங்காமை தற்செயலன்று.

2017 செப்ரெம்பர் 22 ஆம் நாள் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அலபாமாக் கூட்டமொன்றில், முழந்தாளிடும் வீரரை இழிசொல்லால் ஏசி, அவரை அணி உரிமையாளர் வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறன்று இருநூறுக்கு மேற்பட்ட வீரர் முழந்தாளிட்டனர் அல்லது அமர்ந்திருந்தனர். ஆனால் அந்நாளின் செய்தி வேறொன்றாகியது. உரிமையாளர் சிலர் வீரருடன் கைகோத்து நின்றனர். மறுநாள் டலஸ் அணியின் உரிமையாளர் ஜெறி ஜோன்ஸ் தம் வீரருடன் முழந்தாளிட்டார். கீதம் தொடங்குமுன் எழுந்துவிட்டார். முதலாளியும் தொழிலாளியும் கைகோத்த அக்காட்சி 'ஒற்றுமை' என வருணிக்கப்பட்டது. ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேற்றட், பிளவுண்ட தேசமும் ஒன்றிணைந்த விளையாட்டும் என்ற பொருள்பட அட்டைப்படம் வெளியிட்டது. அதில் லீக்கின் ஆணையாளர் றொஜர் குடெல் இடம்பெற்றார். அவ்வாண்டு எந்த அணியும் வேலைக்கு எடுக்காதிருந்த கப்பர்னிக்கின் முகம் அங்கு இல்லை. 1968 இல் அதே சஞ்சிகை ஒல்சனின் தொடரை வெளியிட்டது என்பதை நினைவிற்கொள்ளின், வசையினாற் சாதிக்க முடியாததை அரவணைப்பாற் சாதிக்கலாம் என்பது புலனாகும். எதிர்ப்புக்கு இலக்கு இருந்தது; ஒற்றுமைக்கு இலக்கு இல்லை. யாருக்கு எதிராக, எதனைக் கேட்டு என்ற வினாக்கள் அட்டைப்படத்திற் கரைந்துபோயின.

5

இக்கருத்துநிலைக்கு ஒரு பொருளாதார அடித்தளம் உண்டு. 2016 இல் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் வீரருள் ஏறத்தாழ 70 வீதத்தினர் கறுப்பினத்தவர். அதன் 32 அணிகளுள் ஒன்றிலேனும் கறுப்பினத்தவர் எவரும் பெரும்பங்கு உரிமையாளராக இருக்கவில்லை. இந்த லீக்கின் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைச் சிபிஎஸ், என்பிசி, பொக்ஸ், ஈஎஸ்பிஎன் முதலிய நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்கியிருந்தன. 2021 இல் அறிவிக்கப்பட்ட 11 ஆண்டு ஒப்பந்தங்களின் பெறுமதி 10,000 கோடி டொலருக்கு மேலாகும். ஆகவே எதிர்ப்பைச் செய்தியாக்கும் நிறுவனமும், எதிர்ப்பு நிகழும் ஆட்டத்தை விற்பனைப் பண்டமாக வாங்கிய நிறுவனமும் ஒன்றே. வீரனின் உழைப்பு அதற்கு இலாபம். வீரனின் குரல் அதற்கு இடையூறு. கூடைப்பந்தாட்ட வீரர் லெப்ரோன் ஜேம்ஸ் அரசியல் பேசியபொழுது, பொக்ஸ் தொலைக்காட்சியின் லோறா இன்கிரகம் 2018 இல், வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டுமாறு கூறினார். நிறுவனங்கள் நாகரிகமாகச் சொல்லாமல் விட்டதை அவர் பச்சையாகச் சொன்னார் என்பதே வேறுபாடு.

கொடிச் சடங்கும் சந்தைக்கு அப்பாற்பட்டதன்று. 2015 இல் செனற்றர்களான ஜோன் மக்கெயினும் ஜெவ் பிளேக்கும் வெளியிட்ட அறிக்கை, 2012 இன் பின் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தொழில்முறை விளையாட்டு அணிகளுடன் செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தங்களுக்குக் குறைந்தது 6.8 மில்லியன் டொலர் செலவிட்டதைக் காட்டியது. மைதானத்திற் படைவீரரைக் கௌரவித்தல், பெருங்கொடி விரித்தல் போன்ற நிகழ்ச்சிகள் பல அவ்வொப்பந்தங்களுள் அடங்கின. தன்னெழுச்சியான நாட்டுப்பற்றாகத் தோன்றியவற்றுட் சில விலைகொடுத்து வாங்கப்பட்டவை. விலைபெற்றுக் கொடியை விரிப்பது அரசியல் அன்று எனவும், விலைகொடுத்து, அதாவது தன் தொழிலையே இழந்து, முழந்தாளிடுவது அரசியல் எனவும் வகுத்த எல்லைக்கோடு யாருடைய நலனைக் காத்தது என்பது விளக்க வேண்டுவதன்று.

6

செய்தியின் மௌனங்களும் ஆராயத்தக்கவை. 1964 இலும் 1968 இலும் 100 மீற்றர் ஓட்டத்திற் தொடர்ந்து தங்கம் வென்ற முதல் மெய்வல்லுநர் வயோமியா டையஸ் என்ற கறுப்பினப் பெண். மெக்சிக்கோவில் அஞ்சலோட்டத்தில் தாம் பெற்ற தங்கத்தை ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் அவர் அர்ப்பணித்தார். அதனைப் பெரிதாக எடுத்துரைத்த பத்திரிகைகள் அரியன. இக்குறை பத்திரிகைகளோடு அமையவில்லை. இயக்கமும் பெண் மெய்வல்லுநரைக் கலந்தாலோசிக்கவில்லை. 2016 யூலை 9 ஆம் நாள், கப்பர்னிக் கவனிக்கப்படுவதற்கு ஏழு வாரங்கள் முன்னதாக, மினசோற்றா லிங்ஸ் அணியின் பெண் கூடைப்பந்தாட்ட வீராங்கனைகள், கொல்லப்பட்ட இருவரின் பெயர்களும் பொறித்த மேற்சட்டை அணிந்து மைதானம் வந்தனர். அங்குக் காவற்பணிக்கு வந்திருந்த பொலிஸார் நால்வர் வெளியேறினர். வேறு மூன்று அணிகளின் வீராங்கனைகளுக்கு விதிக்கப்பட்ட தண்டப்பணம் அவர்களின் கூட்டு எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. அணியாகத் திரண்டு நின்று வென்ற இவ்வரலாறு, தனியொரு வீரனின் கதையாகவே பின்னர் சொல்லப்பட்டது. தனிமனிதனைக் காவிய நாயகனாகவோ கொடியவனாகவோ எழுதுதல் முதலாளித்துவச் செய்திக்கு எளிது. கூட்டுச் செயலை எழுதுதற்கு அதனிடம் வாய்பாடு இல்லை.

7

வசை காலப்போக்கிற் புகழாக மாறியது. 2005 இல் சான் ஹொசே பல்கலைக்கழகத்தில் ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் சிலை எழுந்தது. 2008 இல் ஈஎஸ்பிஎன் அவர்களுக்குத் துணிவுக்கான விருது வழங்கியது. 2019 இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவே தன் புகழ்மண்டபத்தில் அவர்களைச் சேர்த்தது. 1964 இல் மாற்றிய பெயரை ஏற்காது, நியூ யோர்க் ரைம்ஸ் உட்படப் பல பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் 'கசியஸ் கிளே' என்றே எழுதிய முகம்மது அலி, 2016 இல் மறைந்தபொழுது நாடே போற்றும் பெருமகனானார். 2018 இல் நைக்கி நிறுவனம் கப்பர்னிக்கின் முகத்தைப் பாதணி விளம்பரமாக்கியது. 2020 யூனில், ஜோர்ஜ் புளொயிட் கொலையின் பின், வீரரின் குரலுக்கு முன்னரே செவிசாய்க்காதது தவறு எனக் குடெல் அறிவித்தார். அவ்வறிவிப்பிற் கப்பர்னிக்கின் பெயர் இல்லை. 2016 ஆம் ஆண்டுப் பருவத்தின் பின் அவருக்கு எந்த அணியும் இடமளிக்கவில்லை.

இப்புகழ்ச்சியை முற்போக்காளர் வெற்றியாகக் கொண்டாடுவதுண்டு. அதனை முற்றாகப் புறக்கணித்தல் தகாது. மக்கள் போராட்டங்களே அம்மாற்றத்தை நிர்ப்பந்தித்தன. ஆயினும் புகழ் செய்யும் வேலையும் வசை செய்த வேலையும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் சைகையைக் கோரிக்கையிலிருந்து பிரிக்கின்றன. வசைக்குச் சைகை ஒழுங்கீனம். புகழுக்குச் சைகை துணிவு. இரண்டிலும் கேட்கப்பட்டது யாது என்பது இல்லை. மெக்சிக்கோ மேடையை லைஃப் சஞ்சிகைக்காக ஜோன் டொமினிஸ் எடுத்த நிழற்படத்தை உலகம் அறியும். அப்படத்தைச் சுவரில் மாட்டியிருப்போருள் எத்தனை பேர் ஐந்து கோரிக்கைகளையும் அறிவர்? அவற்றுள் ஒன்று மேடைக்கு முன்னரே வென்றெடுக்கப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்? 1968 பெப்ரவரியில் தென்னாபிரிக்காவுக்கு அனுமதி வழங்கிய சர்வதேசக் குழு, ஆபிரிக்க நாடுகளும் பிறரும் பகிஷ்கரிப்பை அறிவித்ததும் ஏப்பிரலில் அவ்வனுமதியை மீளப்பெற்றது. ஒழுங்கமைந்த கூட்டுச் செயலின் அவ்வெற்றிக்கு நிழற்படம் இல்லை. ஆகவே நினைவும் அருகிற்று.

வேறு வகைச் செய்தியெழுத்து இயலாததன்று. 1936 முதல் அமெரிக்கக் கம்யூனிஸ்ற் நாளேடான டெய்லி வேர்க்கரின் விளையாட்டாசிரியர் லெஸ்ரர் றொட்னி, பேஸ்போல் ஆட்டத்திற் கறுப்பினத்தவர்க்கு விதிக்கப்பட்டிருந்த தடையை எதிர்த்து ஓயாது எழுதினார். பிற்ஸ்பேர்க் கூரியரின் வென்டல் ஸ்மித் போன்ற கறுப்பினப் பத்திரிகையாளரும் அப்போரை நடத்தினர். அக்காலத்துப் பேஸ்போல் எழுத்தாளர் சங்கம் 1948 வரை கறுப்பினத்தவர் எவரையும் அங்கத்தவராக ஏற்கவில்லை. அவர்கள் எழுதியவை ஆட்டக்காரனின் நடத்தை பற்றியனவல்ல. தடையை விதித்தோர் யாவர், அதை நீக்க வல்லோர் யாவர், அவர்கள் ஏன் நீக்கவில்லை என்பன பற்றியன. 1947 இல் ஜக்கி றொபின்சன் களமிறங்கியமைக்கு ஒரு தனி உரிமையாளரின் பெருந்தன்மையைக் காரணங் காட்டும் வரலாறுகள், இந்தப் பதினோராண்டு எழுத்துழைப்பை மறைத்துவிடுகின்றன.

இவ்வெழுத்தாளரிடமிருந்து நாம் ஓர் அளவுகோலைப் பெறலாம். எதிர்ப்பு பற்றிய செய்தியொன்றைப் படிக்கும்பொழுது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எதிர்த்தோர் கேட்டது யாது? அதைக் கொடுக்க வல்லவர் யார்? அது கொடுக்கப்பட்டதா? இம்மூன்றுக்கும் விடை தராத செய்தி, ஏசினும் ஏத்தினும், ஆளும் வர்க்கத்தின் செய்தியே. பல்கலைக்கழகங்களில் இலக்கியத் திறனாய்வு பயில்வோர் செய்யுளின் படிமத்தை விளக்கக் கற்கின்றனர். உயர்த்திய கரமும் ஒரு படிமமே. அதன் அழகை விளக்குவதோடு நின்றுவிடும் திறனாய்வு ரைம் சஞ்சிகையின் அழகியலினின்றும் வெகுதூரம் சென்றுவிடவில்லை. அக்கரம் சுட்டிய கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதை எடுத்துரைப்பதே நம் துறைக்குரிய பணியாகும்.